சமயநல்லூர் தீவன ஆலையில் நான் நிறுத்திய மோட்டார்கள்

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோவையிலிருந்து கிளம்பி, வியாழன் மதியம் வீடு திரும்பினேன். மதுரைக்குப் போய் என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு மாட்டுத்தீவன ஆலைக்குள் பத்து மணி நேரம் நின்றேன், அவ்வளவுதான். ஆலைகளில் சும்மா ஓடும் மோட்டார்களை நிறுத்தினால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இதே வேலைக்குத் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என்னை அழைத்தவர் ஆலை முதலாளி செல்வராசு. போனில் அவர் சொன்னது இது: "எங்க மில்லுல பால்பாண்டின்னு ஒரு ஆளு மேடம், மோட்டார் பாக்குறவன். வேலை இருந்தாலும் இல்லாட்டியும் மோட்டார நிப்பாட்டவே மாட்டேங்கிறான். நாஞ் சொல்லி அலுத்துப்போச்சு. எம்புட்டு வீணாகுதுன்னு நீங்க வந்து ஒரு நம்பர எழுதிக் குடுங்க. தானா நிக்கிற மாதிரி டைமர மாட்டிட்டு அவன வீட்டுக்கு அனுப்பிர்றேன்."

பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்க்கும் ஒரு மனுஷனின் பிழைப்பு, நான் எழுதப்போகும் எண்ணில் இருக்கிறது. அது எனக்குக் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. "சரிங்க, புதன்கிழமை வந்தர்றேனுங்க" என்றுதான் சொன்னேன். அவர் ஆலை, அவர் ஆள், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

செவ்வாய் காலை 11.30க்கு சிங்காநல்லூரில் பேருந்து. கட்டணம் 215 ரூபாய். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். அங்கே சாப்பிடாதீர்கள், வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஆரப்பாளையம் வந்து சேர 5.20. திண்டுக்கல் பக்கமிருந்து வருகிற வண்டிகள் எல்லாம் இங்கேதான் நிற்கும் என்பதால், சமயநல்லூர்ப் பக்கம் வேலை இருந்தால் இங்கேயே தங்குவது புத்திசாலித்தனம். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு லாட்ஜில் 900 ரூபாய்க்கு அறை எடுத்தேன். ஹாரன் சத்தம் பழகிவிட்டால் தூக்கம் வரும். எனக்கு வரவில்லை.

புதன் காலை 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆகையால் செலவு பூஜ்யம். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். அளவு கருவிகள் இருந்த என் பை ஒன்பது கிலோ. அதை மடியில் வைத்துக்கொண்டு போனதில் தொடை மரத்துப்போனது. சமயநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய், பேரம் பேசிப் பார்த்தும் இறங்கவில்லை.

"எங்கருந்து வாரீக?" என்றார் ஆட்டோக்காரர்.

"கோயமுத்தூருங்க. தீவன மில்லுல மோட்டாரப் பாக்க வந்திருக்கறனுங்க."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மோட்டாரு செய்யிற ஊர்ல இருந்து மோட்டாரப் பாக்க எங்கூருக்கு வந்திருக்கீக! நல்லா இருக்குக்கா." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பால்பாண்டி அண்ணன் நல்ல மனுசன்க்கா. என்னமோ அவரத் தூக்கப் போறாகன்னு ஊர்ல பேசிக்கிறாக. நீங்க அதுக்கா வந்திருக்கீக?" என்றார். நான் வெளியே வயலைப் பார்த்தேன்.

ஆலை பெரிதில்லை. ஒரே கொட்டகை. மக்காச்சோளமும் புண்ணாக்கும் அரைக்க 30 குதிரைத்திறன் மோட்டார். அரைத்ததை மேலே ஏற்றும் எலிவேட்டருக்கு 5. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஊற்றிக் கலக்கும் மிக்ஸருக்கு 15. கலந்த தீவனத்தை மூட்டை பிடிக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூவுக்கு ஏழரை. ஸ்க்ரூ என்பது நீளமான இரும்புத் தொட்டிக்குள் சுழலும் திருகு. நான்குக்கும் சுவிட்சுகள் வாசல் பக்கம் ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி முன்னால் நின்றால் மிக்ஸர்தான் தெரியும். அதன் முதுகுப்புறம் இருக்கும் ஸ்க்ரூ தெரியாது. இந்த விஷயத்தை நான் அன்று காலை பார்த்தேன், பார்த்துவிட்டு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

பால்பாண்டி ஐம்பது வயதுக்காரர். காக்கி அரைக்கை சட்டை, காதில் ஒரு பஞ்சு. நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஆலையைக் கூட்டிப் பெருக்கி, இயந்திரங்களைச் சுத்தம் செய்கிற பஞ்சவர்ணம் என்ற அம்மாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அவரு அப்பிடித்தான் மேடம், மொகத்துல சிரிப்பே வராது. மனசுல ஒண்ணுமில்ல" என்று அவருக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வேலையைத் தொடங்கினேன். செல்வராசு ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். 30 குதிரைத்திறன் என்றால் 22 கிலோவாட், அது மூன்று மணி நேரம் சும்மா ஓடினால் தினம் 66 யூனிட் வீண் என்று. முதலாளிகள் எல்லோரும் இந்தக் குழியில்தான் விழுவார்கள். மோட்டாரின் தகட்டில் இருப்பது சுமை தூக்கும்போது அதனால் கொடுக்க முடிந்த அளவு. சும்மா ஓடும்போது அவ்வளவு இழுக்காது. கரண்ட்டை மட்டும், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னொரு குழியில் விழுவார்கள். அன்று அரவை மோட்டார் சும்மா ஓடியபோது கிளாம்ப் 18 ஆம்பியர் காட்டியது. பவர் ஃபேக்டரை, அதாவது கரண்ட்டில் உண்மையாக வேலைக்குப் போகும் பங்கை, வழக்கமான 0.85 என்று நினைத்துப் பெருக்கினால் 11 கிலோவாட் வரும். ஆனால் சும்மா ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் 0.4 தான். உண்மையான இழுப்பு 5.2 கிலோவாட். நான்கு மோட்டாரையும் சேர்த்தால் 9 கிலோவாட்.

அடுத்தது நேரம். ஒரு நாற்காலியைப் போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். லாரி வரக் காத்திருப்பது, பாகு டிரம் உருட்டி வருவது, சாக்கு தீர்ந்துபோவது என்று காலை 8.30 முதல் ஒரு மணிக்குள் மட்டும் எழுபத்தைந்து நிமிஷம் நான்கு மோட்டாரும் காற்றைத்தான் அரைத்தன. அத்தனை நேரமும் பால்பாண்டி சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு கூசியது.

"ஏனுங்கண்ணா, லாரி வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமில்லீங்க?"

"ஓடட்டும் மேடம்."

"ஏனுங்க?"

"ஸ்டார்ட்டர் பழசு. நிப்பாட்டுனா திரும்ப எடுக்காது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் புத்தம் புதுசு, போன வருஷம் மாற்றியது. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று முடிவு கட்டினேன். என் அறிக்கைத் தாளில் காரணம் என்ற கட்டத்தில் 'இயக்குபவரின் பழக்கம்' என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதரை அளந்து கட்டத்துக்குள் போட்டாயிற்று. செல்வராசு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான் மேடம் நானும் சொன்னேன். இந்தச் சனிக்கிழமையோட அவன நிப்பாட்டிர்றேன்" என்றார். பால்பாண்டிக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு வேளை. அந்த நாற்பது நிமிஷமும் மோட்டார்களை நிறுத்திப் பார்ப்பது என்று நான்தான் சொன்னேன். திரும்பக் கிளப்பும்போது கூடுதலாக இழுக்கிற மின்சாரம் மிச்சத்தையெல்லாம் தின்றுவிடாதா என்று செல்வராசுக்குச் சந்தேகம். அதை அளந்தே காட்டிவிடலாம் என்று எனக்கு வீராப்பு.

பால்பாண்டி நிறுத்த மறுத்தார். "வேணாம் மொதலாளி. நாஞ் சொல்றதக் கேளுங்க" என்றார். செல்வராசு அவரைத் தள்ளிக்கொண்டு போய் நான்கு சிவப்புப் பொத்தான்களையும் தானே அமுக்கினார். காலையிலிருந்து காதை அடைத்த சத்தம் நின்றது. எங்கோ ஒரு மைனா கத்தியது கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பால்பாண்டி சாப்பிடப் போகவில்லை. பெட்டியை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். அப்போது வாசலில் ஒரு லாரி வந்தது. "யோவ், போய் எடையப் பாரு. இங்க என்ன காவலா காக்குற?" என்று செல்வராசு விரட்டினார். போகும்போது பால்பாண்டி என்னிடம் திரும்பி, "நான் வாரவரைக்கும் எதையும் தொடாதீக" என்றார். அதையும் நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

1.40. என் கருவியை மாட்டிவிட்டேன். கடைசி இயந்திரத்தைத்தான் முதலில் கிளப்ப வேண்டும், இல்லாவிட்டால் தீவனம் வழியில் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் ஸ்க்ரூ. செல்வராசு கொட்டகையின் மறுகோடியில் மீட்டர் பக்கத்தில் நின்று, "போடுங்க மேடம்!" என்று கத்தினார். என் கட்டைவிரல் பச்சைப் பொத்தானின் மேல் இருந்தது. அதன் குளிர்ச்சி இப்போதும் விரலில் இருக்கிறது.

"ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். வாசலிலிருந்து பால்பாண்டி ஓடி வந்தார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே வெடுக்கென்று பின்னால் இழுத்தார். நான் நாற்காலியில் மோதி விழுந்தேன். அறைந்துவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பஞ்சவர்ணம்!" என்று மிக்ஸருக்குப் பின்னால் ஓடினார்.

எழுந்து பின்னாலேயே போனேன். ஸ்க்ரூ தொட்டியின் மூடி கழற்றித் தரையில் கிடந்தது. பஞ்சவர்ணம் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் திருகில் ஒட்டியிருந்த பாகுக் கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வந்து நின்றதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணே, எதுக்கு இப்பிடி ஓடியாறீக? நீங்கதான நிப்பாட்டுனீக?"

"நான் நிப்பாட்டல ஆத்தா. கைய எடு மொதல்ல. கைய எடுன்னு சொல்றேன்ல!"

எடுத்தார். அங்கேயே தீவனச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்தக் கையை நான் அரைத்திருப்பேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன். ஊர் பேர் தெரியாத ஆலையில், முன்பின் அறியாத ஆட்கள் முன்னால், மூக்கு ஒழுக அழுதேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஆலையில் மோட்டார் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு. பால்பாண்டி மெயினை இறக்கி, ஸ்க்ரூவுக்கு மின்சாரம் கொண்டுபோகிற மூன்று பீஸ் (ஃபியூஸ்) கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு, "ம், எறங்கு" என்று சொல்லுவார். அப்போதுதான் பஞ்சவர்ணம் கையை விடுவார். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆகவே நின்றுபோன ஸ்க்ரூ என்றால் பஞ்சவர்ணத்துக்கு ஒரே அர்த்தம்: பீஸ் பால்பாண்டி அண்ணன் பையில் இருக்கிறது, கையை விடலாம். மத்தியானமே நின்றிருக்கிறது, சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

"ஓடுற மோட்டார்ல யாரும் கைய விட மாட்டாக மேடம்" என்றார் பால்பாண்டி. அவருக்கும் மூச்சு வாங்கியது. "நின்ன மோட்டார்லதான் விடுவாக. அதான் நான் நிப்பாட்றதில்ல. பழைய மில்லுல என்கூட வேலை பாத்த மாப்ள ஒருத்தனுக்கு இப்பிடித்தான் கை போச்சு."

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மொதலாளிட்ட சொன்னேன். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சாரு. அதுக்கப்பறம் ஸ்டார்ட்டர் பழசுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டேன்."

செல்வராசு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே, கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஒண்ணும் ஆகலல்ல. டைமர் போட்டுட்டா தானா நின்னுக்கிரும்ல மேடம்?" என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். "தானா நிக்கும். அப்பறம் தானாவே கெளம்பும். அப்ப ஓடி வந்து கையப் புடிக்கறதுக்கு யாருங்க இருப்பாங்க? நீங்களா?" என்று கேட்டேன்.

நாலு மணிக்கு அடுத்த இடைவெளி வந்தது. லாரி தாமதம். இந்த முறை பால்பாண்டியிடம் கேட்டேன், எப்படி நிறுத்தலாம் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நிறுத்தினார். மெயினை இறக்கினார். மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கினார். வழக்கம்போல் தன் பையில் போட்டுக்கொள்ளப் போனவர், நிதானித்து, அவற்றைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்க. ஓங்கிட்ட இருக்கிற வரைக்கும் எந்தக் கொம்பனாலும் இதக் கெளப்ப முடியாது." அந்த அம்மா முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு சுத்தம் செய்தார். பன்னிரண்டு நிமிஷம். முடிந்ததும் மூடியை மாட்டிவிட்டு, "இந்தாங்கண்ணே, இப்பப் போடுங்க" என்று நீட்டினார்.

கிளப்பும்போது அளந்தேன். அரவை மோட்டார் வேகம் எடுக்க ஒன்பது நொடி. அதற்குக் கூடுதலாகச் செலவானது, அதே மோட்டார் இரண்டு நிமிஷம் சும்மா ஓடினால் ஆகும் மின்சாரம்கூட இல்லை. முதலாளியின் சந்தேகம் தீர்ந்தது. பிற்பகலையும் சேர்த்துச் சும்மா ஓடும் நேரம் நாளுக்கு மூன்று மணி. ஒன்பது கிலோவாட்டை மூன்றால் பெருக்கினால் 27 யூனிட். வருஷத்துக்கு முந்நூறு வேலைநாள் என்றால் 8,100 யூனிட். இதுதான் அவர் கேட்ட எண்.

நான் அதை எழுதவில்லை. பீஸ் பிடுங்க, கொடுக்க, வாங்க, மாட்ட நேரம் வேண்டும். பத்து நிமிஷ இடைவெளிகளில் அது முடியாது. சாப்பாட்டு வேளையும், கால் மணிக்கு மேற்பட்ட இடைவெளிகளும்தான் நிறுத்தத் தகுந்தவை. அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரம், 18 யூனிட், வருஷத்துக்கு 5,400. காரணக் கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பீஸைப் பிடுங்காமல் மோட்டாரை நிறுத்தக் கூடாது என்பதால்' என்று எழுதினேன். பரிந்துரைக் கட்டத்தில், டைமர் கூடாது, பால்பாண்டிதான் நிறுத்தவும் கிளப்பவும் வேண்டும், அவர் இல்லாத நாளில் மோட்டார் ஓடட்டும் என்று எழுதினேன்.

செல்வராசிடம் இரண்டு எண்ணையும் சொன்னேன். "மிச்சம் ரெண்டாயிரத்து எழுநூறு யூனிட்டு எங்க மேடம் போச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். பஞ்சவர்ணம் குழாயடியில் நின்று, நகத்துக்குள் போன பாகைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "பால்பாண்டிட்ட சொல்லிருங்க மேடம், சனிக்கிழமைன்னு நான் சொன்னத மறந்துறச் சொல்லி" என்றார். "நீங்களே சொல்லுங்க" என்றேன். போய்ச் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சமயநல்லூரிலிருந்து ஆரப்பாளையத்துக்கு மாலையில் பேருந்து நிறைய உண்டு, ஆனால் கூட்டம் பிதுங்கும், கருவிப் பையை முதுகில் மாட்டாதீர்கள். குடிதண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள், தீவனத் தூசி தொண்டையை அறுக்கும். கிளாம்ப் மீட்டரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டு நாள் கேளுங்கள். முதல் நாள் எதையும் நிறுத்தாமல், ஒவ்வொரு மோட்டாருக்கும் பக்கத்தில் வேலை பார்க்கிற ஆளிடம் "இது நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பொத்தானை நீங்கள் அமுக்காதீர்கள், முதலாளியையும் அமுக்க விடாதீர்கள்.

அன்று பேருந்து நிறுத்தம் வரை பால்பாண்டிதான் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். எண்பது ரூபாய் மிச்சம். மணி 6.40. இறங்கியதும், "மன்னிச்சுக்கங்கண்ணா. வெரலு பட்டன் மேலயே இருந்துச்சுங்க" என்றேன்.

"விடுங்க மேடம். நீங்க அமுக்கலைல?" என்றார். வண்டியைத் திருப்பி, உதைத்துக் கிளப்பி, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு எங்க மாப்ள கை உள்ள இருந்தப்ப, நான் அமுக்கிட்டேன்."